களைக்கொடி அகற்றும் குழு: நாகர்கோவில் பகுதி வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு மதிப்புரை

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டுத் தோட்டங்களில் படரும் களைக்கொடிகளை மட்டும் அகற்றித் தரும் சிறு குழு ஒன்றை எங்கள் 12 சென்ட் தோட்டத்துக்கு அழைத்திருந்தோம். கடையோ பெயர்ப் பலகையோ இல்லாமல், வேலை செய்வித்த வீட்டார் சொல்லித் தெரியவரும் குழு அது. புல் செதுக்கவோ தென்னைக்குத் தடம் எடுக்கவோ அவர்கள் வருவதில்லை.

முதல் வருகையில் அவர்கள் ஒரு கொடியைக்கூட வெட்டவில்லை. தோட்டம் முழுவதும் நடந்து, விட்டுவைக்க வேண்டிய கொடிகளில் சிவப்புத் துணி கட்டினார்கள். கொடுத்த பணத்துக்கு உரிய பயன் இந்த நடையிலேயே கிடைத்துவிட்டது என்பது என் கணிப்பு. எங்கள் பலா மரத்தில் நல்லமிளகும் சீந்திலும், களைக்கொடியான மிக்கானியாவும் ஒன்றாக ஏறியிருந்தன. மூன்றின் இலையும் ஏறக்குறைய இதய வடிவம் கொண்டவை என்பதால், வழக்கமாக வரும் கூலியாள் மூன்றையும் சேர்த்தே இழுத்துவிடுவார். குழுவின் மூத்தவர் இலையின் வடிவத்தைப் பார்க்கவே இல்லை, கணுவைப் பார்த்தார். மிக்கானியாவில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். சீந்திலிலும் நல்லமிளகிலும் ஒரு கணுவுக்கு ஓர் இலைதான். மேலும், நல்லமிளகு கணுவேர்களால் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு ஏறும். மிக்கானியாவோ தண்டையே சுற்றி ஏறும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தக் கொடி வாழைக் குருத்தை மூடி வெயிலை மறைத்துவிடுவதால், இங்குள்ள தோட்டங்களில் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அகற்றும் முறை கொடிக்குக் கொடி மாறியது. மரத்தில் ஏறிய மிக்கானியாவை அடியில் அறுத்து, மேலே இருப்பதை அப்படியே காயவிட்டார்கள். தரையில் ஓடியதை மட்டும் கணுக்கணுவாகக் களைக்கொத்தியால் நெம்பி எடுத்தார்கள், ஏனெனில் மண்ணில் படும் எந்தக் கணுவும் வேர்விட்டுவிடும். மதிலோரம் நாமே அழகுக்காக நட்டு வளர்த்த கொடிரோஸ் வேறு விதமான தொல்லை. மெக்சிகோவிலிருந்து வந்த அக்கொடி மண்ணுக்கடியில் கிழங்குகளில் உணவைச் சேர்த்து வைத்திருப்பதால், மேலே எத்தனை முறை வெட்டினாலும் தளிர்த்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கடப்பாரையும் பொறுமையும் தேவைப்பட்டன. சிறுபூனைக்காலியைப் பழம் பழுப்பதற்கு முன் வேரோடு பிடுங்கினால் போதும். வேலிச் செடியில் மஞ்சள் நூலாகப் பின்னியிருந்த அம்மையார் கூந்தலுக்கோ மண்ணில் வேரே கிடையாது. அது செடியின் தண்டுக்குள் உறிஞ்சிகளைச் செலுத்தி வாழ்வது. ஆகவே பற்றிய கிளைகளையும் சேர்த்து வெட்டினார்கள். வேலி சில மாதங்கள் மொட்டையாக நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதும் நேர்மையான செயல்.

அவர்கள் களைக்கொல்லி தெளிப்பதில்லை. வீட்டுக்காரர்கள் பலர் கேட்கும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் வழியாக அன்றி வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டிருக்கிறது. ஆணையை ஒதுக்கி வைத்தாலும், நல்லமிளகும் களையும் பின்னிக் கிடக்கும் மரத்தில் மருந்து தெளித்தால் இரண்டும்தான் கருகும்.

குறைகளும் உண்டு. அறுத்த கொடிகளைச் சாக்கில் கட்டி மொட்டை மாடியில் காயப்போட வேண்டும் என்று சொன்னவர்களே, ஒரு பகுதியைக் கிணற்றடி ஈரத்தில் குவித்துவிட்டுப் போனார்கள். அதில் சில துண்டுகள் துளிர்த்ததைக் கண்டு அடுத்த வருகையில் அள்ளச் சொன்னோம். உரக்குழியில் போடலாமா என்று கேட்டதற்கு இளையவர் சரி என்றார், மூத்தவர் கூடாது என்றார். மூத்தவர் சொன்னதே சரி.

கூலி, வட்டாரத்தின் நாள் கூலியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அழைத்தவுடன் வருவதும் இல்லை. மிக்கானியாவின் விதை காற்றில் பறந்து பரவுவது. பூப்பதற்கு முன்பே வேலை முடிய வேண்டுமானால் மழைக்காலத் தொடக்கத்திலேயே சொல்லிவைப்பது நல்லது. முதல் வேலைக்குப் பின் மீண்டும் முளைப்பதை எடுக்க வரும் வருகைகளுக்கும் சேர்த்தே அவர்கள் தொகை பேசுகிறார்கள். ஒரு முறை மட்டும் வந்து வெட்டிவிட்டுப் போகச் சொல்பவர்களின் வேலையை ஏற்பதில்லை.