பூச்சுக்கு உள்ளே எஃகு: ஒரு பட்டாளத் தோட்டா டின்னுக்கு நகை மதிப்பீட்டாளனின் மதிப்பீடு

காரைக்குடியில் 31 வருடம் அடகு நகைக்கு மதிப்புப் போட்டவன் நான். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் எடை, அடுத்து உரைகல், அதற்குப் பிறகுதான் பேச்சு. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. 2022-இல் டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை கார் டிக்கியிலிருந்து ஒரு பச்சை டின்னை இறக்கி வைத்தார். எண்ணெய் டின் அளவுகூட இல்லை. தூக்கப் போனேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. "மாமா, விடுங்கள், பத்து கிலோவுக்கு மேல் இருக்கும்" என்றார். உள்ளே 440 ரஷ்யத் தோட்டாக்கள். 7.62×54 அளவு, அதாவது குழல் விட்டம் 7.62, கூட்டின் நீளம் 54 மில்லிமீட்டர். 1891-இல் மோசின் நாகாந்த் ரைபிளோடு பிறந்த தோட்டா, இன்றைக்கும் அந்த நாட்டுப் பட்டாளத்தில் ஓடுகிறது.

டின்னைத் திறப்பதே ஒரு வேலை. ஈயம் பூசிய பாத்திரத்துக்கு மூடியைப் பற்றவைத்தது மாதிரி நாலு பக்கமும் இறுக்கம். அதற்கென்றே ஒரு கத்தி இருக்கிறது. குத்தி, நெம்பி, குத்தி, நெம்பி ஒரு சுற்று வந்தால் திறக்கும். விளிம்பு கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை. உள்ளே இருபது இருபதாக மெழுகுத்தாளில் கட்டிய 22 பொட்டலங்கள். பெட்டிக்கடை பொட்டலம் மாதிரி மடிப்பு. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். 48 வயதான சரக்கு, ஒரு புள்ளி துரு இல்லை.

நகையில் முத்திரை பார்ப்பது போலத் தோட்டாவின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். மேலே 188, கீழே 74. நோவோசிபிர்ஸ்க் தொழிற்சாலை, 1974-ஆம் வருடம். மருந்து அடைத்த கூடு செம்பு மாதிரி மின்னுகிறது, ஆனால் செம்பு இல்லை. இரும்பின்மேல் செம்புப் பூச்சு. குண்டின் நுனியில் வெள்ளி நிறம். மாப்பிள்ளை ஒரு குண்டை மட்டும் பிடுங்கித் தராசில் வைத்தார். 9.6 கிராம். ஒரு சவரனும் அதற்கு மேல் 1.6 கிராமும். அரத்தால் குறுக்கே ராவச் சொன்னேன். வெளியே செம்புப் பூச்சு போட்ட இரும்புத் தோல், அதற்குள் ஈயம், நடுவே மிருதுவான எஃகுக் கம்பி. என் கடைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் பூச்சு நகை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அங்கேயும் திருப்பித்தான் அனுப்பினார்கள். முதலில் போன உள்ளரங்கச் சுடுமிடத்தில் வாசலிலேயே ஒரு பையன் காந்தத்தோடு நின்றான். தோட்டா ஒட்டிக்கொண்டது. எஃகு பட்டால் பின்சுவர்த் தகடு கெட்டுவிடும், பொறியும் பறக்கும் என்று கைவிரித்தான். நியாயம்தான். மண்மேடு இருக்கிற திறந்தவெளிக்கு இன்னும் 40 நிமிடம் காரில் போனோம்.

சுடும்போது எப்படி? பெருவெடி. பகலிலேயே குழல் வாயில் தீப்பந்து தெரிந்தது. தோளில் இடிக்கும் இரும்புத் தகடு வைத்த பழைய ரைபிள் என்பதால் பத்தாவது தோட்டாவுக்கு மேல் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வேகமானியில் பத்துக் குண்டு பார்த்தோம். குறைந்தது விநாடிக்கு 838 மீட்டர், கூடினது 869. சராசரி 855. ஐம்பது வருடக் கிழட்டு மருந்துக்கு இது நல்ல மதிப்பெண். பத்தில் ஒன்றுகூட வெடிக்காமல் போகவில்லை. குறி மட்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 100 கெஜத்தில் ஐந்து குண்டில் நாலு என் உள்ளங்கைக்குள், ஒன்று எங்கேயோ ஓரத்தில். பட்டாளத்துக்கு அது போதும், போட்டிக்குப் போகிறவருக்குப் போதாது.

இதன் உண்மையான குறை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். தோட்டாவின் அடியில், ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கிற கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது வெடித்தால் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு படியும். ஐப்பசி மழையில் நம் வீட்டு உப்பு ஜாடி நீர் விடுமே, அதே கதை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவாக்கும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் உப்பு கரையாது. அன்றைக்கே கொதிக்கிற வெந்நீரைப் புனல் வைத்து ஊற்றி, துணி விட்டு உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் போட வேண்டும். மாப்பிள்ளை கெட்டிலோடு உட்கார்ந்ததைப் பார்த்து என் மனைவி கேட்டாள், "பிள்ளை பெற்றவளுக்கா, துப்பாக்கிக்கா, யாருக்கு இந்த வெந்நீர்?"

விலைக்கு வருகிறேன். அவர் 2012 வாக்கில் வாங்கியபோது டின் 80 டாலருக்குப் பக்கம். தோட்டாவுக்கு 18 சென்ட். இப்போது அந்த விலையைச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார். காரணம் சரக்கின் தரமல்ல, சட்டம். அமெரிக்கச் சட்டம் 1986 முதலே கைத்துப்பாக்கியில் பயன்படக்கூடிய, எஃகு போன்ற கடினமான உள்ளகம் கொண்ட குண்டைக் கவசம் துளைப்பதென்று வகைப்படுத்துகிறது. 1994-இல் எஃகு உள்ளகம் வைத்த 7.62×39 என்ற ஏகே-47 தோட்டா அதில் மாட்டியது. அந்தத் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி ஒன்று சந்தைக்கு வந்ததுதான் வினை. 2014 ஏப்ரலில் அதே வழியில் 7என்6 என்ற 5.45 மில்லிமீட்டர் ரஷ்யத் தோட்டாவுக்கும் இறக்குமதித் தடை. எங்கள் டின்னில் இருந்த நீளத் தோட்டாவுக்குள்ளும் எஃகுதான், ஆனால் அந்த வலையில் அது சிக்கவில்லை. 2021 செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் தோட்டாவுக்குப் புது இறக்குமதி அனுமதியே கிடையாது என்று அறிவித்தபோதுதான் அந்த வரத்து அடைபட்டது. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு நஞ்சு வைத்ததற்கான பொருளாதாரத் தடை அது. குண்டுக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து சொன்னதும் கொப்புடையம்மன் கோயில் பக்கத்து நண்பர் ஒருவர், "நாலு பொட்டலம் கொண்டுவந்திருக்கலாமே" என்றார். நல்ல ஆளப்பா. நம் 1959 ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டாவை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. பட்டாள அளவு என்றால் பேச்சுக்கே இடமில்லை. பையில் தப்பித்தவறி ஒரு தோட்டா கிடந்தாலே விமான நிலையத்தில் வழக்குப் போடுகிறார்கள். கிளம்புகிற அன்று பேண்ட் மடிப்பை உதறினேன், செருப்பைத் தட்டினேன். மாப்பிள்ளை என் பெட்டியை இரண்டு முறை சோதித்தார்.

என்னிடமும் துப்பாக்கி உண்டு. அப்பச்சி அடகுக் கடைக் காவலுக்கு வாங்கிய .315 ரைபிள், உரிமம் என் பெயருக்கு மாறியிருக்கிறது. பட்டாளத்தின் .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாதென்று வெள்ளைக்காரன் வைத்த ஏற்பாட்டில், ஆஸ்திரிய மான்லிகர் தோட்டாவின் வழியில் வந்த அளவு இது. குண்டு 15.8 கிராம், இரண்டு சவரனுக்குக் குந்துமணி குறைவு. ரஷ்யக் குண்டைப் போலப் பறக்காது, மெல்லப் போய் ஓங்கி அறையும். மதுரைக் கடையில் கேட்டால் வருடத்தில் பாதி நாள் "சரக்கு வரவில்லை" என்பார்கள். வந்தாலும் எண்ணி, உரிமப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் தருவார்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வர வேண்டும்.

டின்னைப் பற்றிக் கேட்டால், வெளிநாட்டில் இருந்து, மண்மேடும் வெந்நீர் போடப் பொறுமையும் உள்ளவர் பழைய விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். இன்றைய விலைக்கு, தேடி அலைந்து, கூடுதலாகக் கொடுத்து வாங்க நான் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையிடம் இன்னும் மூன்று பொட்டலம் மீதி இருக்கிறதாம். விற்றுவிடுங்கள் என்றேன். பதிலுக்கு அந்தக் காலி டின்னின் படத்தை அனுப்பினார். அதில் மகள் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாள்.