ஒளிரும் மையும் பவானி ஜமுக்காளமும்: திருப்பூரில் அச்சான ஒரு ரேவ் போஸ்டர்

கோவை பீளமேட்டில் நண்பர்கள் நடத்தும் எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சிக்காக, ரேவ் (விடியவிடிய நடக்கும் எலக்ட்ரானிக் நடனக் கொண்டாட்டம்) பண்பாட்டின் சாயலில் போஸ்டர் ஒன்றை வடிவமைத்து, அச்சிட்டு, இணையத்தில் போடுவதற்குப் படமும் எடுத்துத் தரும் வேலையைத் திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கமுள்ள ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையிடம் கொடுத்தோம். பனியன் கம்பெனிகளுக்கு டி-சர்ட் அச்சிடுவதே அவர்களுடைய பிழைப்பு. காகித வேலை பிறகு சேர்த்துக்கொண்டது. அச்சு அருமை, வடிவமைப்பு ஒருவழியாகத் தேறியது, படப்பிடிப்பு மட்டும் அரைக்கிணறு தாண்டிய கதை.

முதல் வரைவில் ஹெட்போன், லேசர் கதிர்கள், மஞ்சள் சிரிப்பு முகம் என எல்லாவற்றையும் திணித்திருந்தார்கள். 1988 கோடையில் பிரிட்டனில் ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசைக்குக் கூடிய கூட்டம் அந்த முகத்தைத் தன் சின்னமாக்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் இன்று அது மொபைல் கடை விளம்பரத்திலும் சிரிக்கிறது. அந்த மரபின் நல்ல போஸ்டர்களுக்குப் பலம் சிக்கனத்தில்தான் இருக்கிறது. ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் இசை வெளியீட்டு நிறுவனத்தின் முதல் போஸ்டருக்கு 1978இல் வடிவமைப்பாளர் பீட்டர் சேவில் எடுத்துக்கொண்டது, காதுக்குப் பாதுகாப்பு அணியச் சொல்லும் தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகையை. அதே நிறுவனத்தின் பணத்தில் 1982இல் மான்செஸ்டரில் திறந்த ஹசியெண்டா நடன விடுதியின் தூண்களில் மஞ்சளும் கறுப்புமாக அபாயப் பட்டைகளே ஓடின. மில் சங்கு கேட்டு வளர்ந்த நம் ஊருக்கு இது அந்நியமான அழகு அன்று.

இதை எடுத்துச் சொன்னதும், அங்கிருந்த இளம் வடிவமைப்பாளர் பவானி ஜமுக்காளத்தின் பட்டைகளைக் கொண்டுவந்தார். தாளத்தை வாசிக்கும் டிரம் மெஷின் கருவியில் ஒரு சுற்றுக்கு 16 கட்டங்கள்; டெக்னோ, ஹவுஸ் என்ற நடன இசை வகைகளில் 1, 5, 9, 13ஆம் கட்டங்களில் பாஸ் டிரம்மின் கனத்த அடி விழும். போஸ்டரிலும் 16 பட்டைகள். அந்த நான்கு மட்டும் அகலமான இளஞ்சிவப்பு. தாளம் தெரிந்தவர் பார்த்தால் தலை தானாக ஆடும்.

அச்சுதான் இந்தப் பட்டறையின் உயிர். புற ஊதாக் கதிரை உள்வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடும் ஃபுளோரசன்ட் மையின் பளிச்சை, வழக்கமான நான்கு நிற ஆஃப்செட்டில் எப்படிக் கலந்தாலும் பெற முடியாது. தனி மையாகவே ஓட்ட வேண்டும். அந்த மை ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், கறுப்புக் காகிதத்தில் நேரடியாக அச்சிட்டால் மங்கிப்போகும். கறுப்பு டி-சர்ட்டுக்கு அன்றாடம் செய்வதுபோல இவர்கள் முதலில் ஒயிட் பேஸ், அதாவது அடியில் ஒரு வெள்ளை மைப் பூச்சு, போட்டுக் காயவைத்து, அதன்மேல் நிறத்தை இழுத்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தும் இளஞ்சிவப்பின் ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கவில்லை. விரலால் தடவினால் பட்டையின் மேடு தட்டுப்படுகிறது. வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும் என்று கேட்காமலே எச்சரித்ததற்குத் தனிப் பாராட்டு.

படப்பிடிப்பில்தான் சறுக்கல். மலிவான 395 நானோமீட்டர் அலைநீள எல்இடி விளக்கு, புற ஊதாவோடு கண்ணுக்குத் தெரியும் ஊதாவையும் சேர்த்துக் கொட்டுவதால் கறுப்புக் காகிதம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. போதாக்குறைக்கு டியூப்லைட்டையும் அணைக்கவில்லை. கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யப்போய், இளஞ்சிவப்பு ஆரஞ்சாக வெளிறியது. மறுபடி கேட்டபோது முகம் சுளிக்காமல், இருட்டான குடோனில் டிரைபாடில் கேமராவை நிறுத்தி, ஷட்டரை அரை நொடி திறந்து வைத்து, முன்னால் ஆட்களை ஆடவிட்டு எடுத்தார்கள். உடல்கள் புகையாகக் கலைய, போஸ்டர் மட்டும் அசையாமல் எரியும் அந்தப் படம் நன்றாகவே வந்தது. நிறம் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. 365 நானோமீட்டர் விளக்கும், லென்ஸின் முன் புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டரும், சற்றுக் குறைவான எக்ஸ்போஷரும் இருந்திருந்தால் பெருமளவு சரியாகியிருக்கும்.

ஆஃப்செட்டைவிடச் செலவு கூடுதல்தான். குறைந்த பிரதிகளுக்குக் கட்டுபடியாகும். அச்சை இவர்களிடமே கொடுங்கள், படத்துக்கு மட்டும் வேறு ஆளைப் பாருங்கள். ஃபைல் அனுப்பும்போது ஒவ்வொரு ஒளிரும் நிறத்தையும் ஒயிட் பேஸையும் தனித்தனி லேயராகப் பிரித்து அனுப்பினால், அச்சுத் திரை தயாரிப்பதற்கான பாசிட்டிவ் ஃபிலிம் எடுப்பதில் தாமதம் இராது.