நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல்: ஒரு யாழ்ப்பாணத்தானின் மதிப்பீடு

முதலில் பயணம். 'சிவகங்கை' சின்னக் கப்பல்தான், குளிரூட்டிய கூடம், இருக்கைகள் வசதி. ஏறக்குறைய நான்கு மணி நேரம். நடுக்கடலில் ஆட்டம் உண்டு. வாந்தி வரும் ஆட்கள் மாத்திரை போட்டுக்கொண்டே ஏறுங்கள். மாரி காலத்தில் சேவையை நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

ஆனால் இந்தக் கப்பலை வெறும் போக்குவரத்தாக என்னால் பார்க்க முடியவில்லை. காங்கேசன்துறை நெருங்கும்போது மூடிக்கிடக்கும் சீமெந்து ஆலை தெரியும். 1990இல் சனத்தை எழுப்பிவிட்டு இராணுவம் உயர்பாதுகாப்பு வலயமாக்கிய கரை அது. அந்தத் துறைமுகத்தில் மூழ்கிக்கிடந்த கப்பல்களை அகற்றியது இந்தியப் பணம். 2024இல் அதைப் புதுப்பிக்க 6.15 கோடி டாலர் மானியம் என்று அறிவித்ததும் இந்தியாதான்.

அன்பு மட்டும் காரணமில்லை. திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவுக்குப் பாதகமாக எவருக்கும் இராணுவப் பயன்பாட்டுக்குக் கொடுப்பதில்லை என்று 1987லேயே இலங்கையிடம் கடிதம் வாங்கிய நாடு அது. 2022இல் சீனாவின் செய்மதி கண்காணிப்புக் கப்பல் 'யுவான் வாங் 5' தெற்கே அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தபோது டெல்லி பட்ட கவலை இன்னும் தீரவில்லை. அமைதிப்படையாக வந்த இந்தியாவை எங்கள் சனம் மறக்கவும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்: பெரிய அயலவர் எங்கள் கரையில் கால் வைக்கத்தான் போகிறார் என்றால், அது பயணிகள் கப்பலாக இருக்கட்டும்.

சிதம்பரம், வேளாங்கண்ணி போகும் குடும்பங்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருக்கட்டும், கரையில் சோதனை முடிய நேரமெடுக்கும்.