மலை ரயிலில் எனக்குக் கடைசிப் பெட்டிதான்

நீலகிரி மலை ரயிலில் பல வருடமாகப் போய்வருகிறேன். எல்லாரும் முதல் பெட்டியின் முன்வரிசைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். அங்கே காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, அதனால் இடம் கிடைத்தால் நான் கடைசிப் பெட்டியில்தான் உட்காருவேன்.

அந்த எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சினே தனி ரகம். சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் எஸ்.எல்.எம். என்ற எஞ்சின் தயாரிப்பு நிறுவனம் 1914-இல் செய்ய ஆரம்பித்தது, அங்கிருந்து கடைசியாக வந்தவை 1952-இல். அப்புறம் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சிலிண்டர், மறுபக்கமும் அப்படியே. மலையடிவாரத்துக் கல்லாறு நிலையம் வரை கீழ் சிலிண்டர்கள் மட்டும் சக்கரத்தைச் சுற்றும், மேலே இருப்பவை சும்மா வரும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்கும், வண்டி வேகத்தைக் குறைத்து மெதுவாக அதில் பல்சக்கரத்தைப் பதிக்கும். கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். கவனித்துப் பாருங்கள், மேலே உள்ள கிராங்க் (சிலிண்டரின் முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் பாகம்) கீழ்ச் சக்கரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், இடையில் கியர் இருப்பதால். புகைபோக்கியின் சத்தமும் அந்த இடத்தில் மாறும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

பட்டைகள் இரண்டு, ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் ஒரே நேரில் இராது, தள்ளித்தள்ளி இருக்கும். ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும். 12 அடி போனால் ஏறத்தாழ ஓர் அடி ஏறுகிற இடத்தில் இந்தப் பிடி இல்லாவிட்டால் கதை வேறு. போதாததற்குப் பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் வெளியே நிற்பார்.

குறைகளும் உண்டு. குன்னூர் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், இருக்கை குறுகல், முழங்கால் இடிக்கும். வடகிழக்கு மழை சமயத்தில் மண் சரிந்து ரயிலே ரத்தாகும், அக்டோபர், நவம்பரில் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைசிப் பெட்டியில் புகையும் எண்ணெய் வாசனையும் வரும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி எஞ்சினைப் பக்கத்தில் பாருங்கள், தின்பண்டத்தை மட்டும் குரங்குகள் கண்ணில் காட்டாதீர்கள். குன்னூருக்கு மேலே ஊட்டி வரை பல்பட்டை கிடையாது, பெரும்பாலும் டீசல்தான் இழுக்கும். நான் குன்னூரிலேயே இறங்கி பஸ் பிடித்துவிடுவேன்.