முதல் ஆப்புக்கு எது: தோராய இருப்பிடமா, துல்லிய இருப்பிடமா?

முதல் ஆப் எழுதுகிறவர்களில் பலர், பயனரின் இருப்பிடம் தேவை என்றதுமே துல்லியமானதற்கே அனுமதி கேட்டுவிடுகிறார்கள். எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது.

எவ்வளவு சரியாகக் காட்டும்?
தோராயம்: ஆண்ட்ராய்டில் சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ.
துல்லியம்: பொதுவாக 50 மீட்டருக்குள், திறந்தவெளியில் சில மீட்டர்.

பேட்டரி?
தோராயம்: வைஃபை, செல் டவர் போதும், செலவு குறைவு.
துல்லியம்: ஜிபிஎஸ் விடாமல் ஓடினால் சார்ஜ் இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

அனுமதி?
தோராயம்: பயனர் அதிகம் தயங்க மாட்டார்.
துல்லியம்: இங்கேதான் சிக்கல். ஆண்ட்ராய்டு 12 முதல் இதைக் கேட்டால் தோராயத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும், பயனர் தோராயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். ஐஓஎஸ் 14 முதல் ஐபோனிலும் துல்லியத்தை அணைத்துவிடலாம். ஆக நீங்கள் எதைக் கேட்டாலும், தோராயம்தான் கிடைத்தது என்றால் ஆப் என்ன செய்யும் என்பதற்கும் நிரல் எழுதியே ஆக வேண்டும் (அனுமதியே கிடைக்காவிட்டாலும்தான்).

வானிலை, ஊர்ச் செய்தி என்றால் தோராயம் தாராளமாகப் போதும். ஓட்டப் பயிற்சியைப் பதிவது, வழி காட்டுவது என்றால் துல்லியம் இல்லாமல் முடியாது. அருகிலுள்ள கடைகளைக் காட்டும் ஆப் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: தோராயத்தில் தொடங்கி, பயனர் வழி கேட்டு பட்டனைத் தட்டும்போது மட்டும் துல்லியத்தைக் கேளுங்கள். அப்புறம், பின்னணியில் (ஆப் திரையில் இல்லாதபோதும்) இருப்பிடம் எடுக்கும் வேலையை முதல் ஆப்பில் தொடவே வேண்டாம்.