'இலவச பாதப் பரிசோதனை' என்று கூப்பிட்டு அம்மாவின் காலைக் கெடுத்தார்கள்

அதே நோட்டீஸை நேற்று பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சுகர் வந்து 16 வருடம். போன ஆவணியில் இடது பாதம் மட்டும் வீங்கிச் சிவந்தது. தொட்டால் சூடு, ஆனால் வலியே இல்லை. வலி இல்லை என்பதால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான் கல்யாண மண்டபத்தில் அந்த முகாம் நடந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அம்மாவைக் கண்ணாடிப் பலகையில் நிற்கவைத்தார். திரையில் பச்சையும் சிவப்புமாகப் பாதம் தெரிந்தது. "ரத்த ஓட்டம் அடைச்சிருக்கும்மா, அதான் வீக்கம்" என்று சொல்லி, குமிழ் குமிழாக இருந்த அக்குபிரஷர் செருப்பை 6,500 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். காலை, மாலை அரை மணி நேரம் அதோடு நடக்க வேண்டுமாம். வீங்கிய காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடியே அம்மா நடந்தார். மூன்று வாரம் கழித்து, கால் கழுவிவிட்டு வந்த அம்மாவின் ஈரத்தடம் சிமெண்டுத் தரையில் கிடந்தது. வலது தடத்தில் எல்லோருக்கும் இருப்பதுபோல நடுவில் உள்பக்கம் வளைந்திருந்தது. இடது தடத்தில் அந்த வளைவே இல்லை, நடுப்பாதம்தான் அழுந்தப் பதிந்திருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்கால் வெளியே புடைத்து நிற்கிறது, குமிழ் அழுத்திய இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம். அம்மாவுக்கு எதுவுமே தெரியவில்லை.

அரசு மருத்துவமனை டாக்டர் முதலில் புறங்கையை இரண்டு பாதத்திலும் வைத்துப் பார்த்தார். இடது பாதத்தில் சூடு அதிகம். நைலான் இழையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டார், அம்மா ஒரு தடவைகூடத் தெரிகிறது என்று சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் நடுப்பாத எலும்புகள் உடைந்து நகர்ந்திருந்தன. 'சார்கோ பாதம்' என்றார். உணர்ச்சி போன காலில் எலும்பு உடைந்தாலும் வலிக்காது. நடக்க நடக்கப் பாதம் உருக்குலையும். ரத்த ஓட்டம் இதில் பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்குமாம்.

முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. வீக்கம் வற்றினால் கட்டு தளரும் என்று வாராவாரம் மாற்றி, ஐந்து மாதம். உருமாறிய பாதம் பழையபடி ஆகவில்லை. இப்போது அச்செடுத்துச் செய்த எம்சிஆர் (மெத்தென்ற ஒருவகை ரப்பர்) செருப்புதான் போடுகிறார்: உள்ளே மெத்தென்று, அடியில் கெட்டியாக, பின்னால் வார் வைத்து, ஆணி அடிக்காமல் ஒட்டியது.

சுகர் இருப்பவருக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுட்டால், வலிக்காவிட்டாலும் நடக்க விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

விற்றவர்களுக்கு போன் செய்தேன். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று வைத்துவிட்டார்கள். பில்லில் 'காலணி 1' என்று மட்டும் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் தரலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில்லும் செருப்பும் பத்திரமாக இருக்கின்றன. திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன்.