300 ஐடியா தருகிறோம் என்றார்கள், 14,999 ரூபாய் கட்டினேன்

தேனி மாவட்டம் கம்பத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் விடியற்காலையில் கடைப் பக்கம்தான் நிற்கும். கோடையில் காய் எடுப்பு முடிந்துவிட்டால் ஜீப்பும் குறையும், என் வருமானமும் குறையும். அப்படி ஒரு மாதத்தில்தான் இதில் மாட்டினேன். இபுக், ஆன்லைன் வகுப்பு என்று ஏதாவது செய்து விற்க ஆசைப்பட்டு, எதைப் பற்றிச் செய்வது என்று தெரியாமல் இருப்பவர்கள், யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் 99 ரூபாய்க்கு ஒரு வெபினார், அதாவது ஆன்லைன் கூட்டம். மூன்று மணி நேரம் நடந்தது. பாதி நேரத்துக்கு மேல், பேசியவருடைய கார், வீடு பற்றிய பேச்சுதான். கடைசியில், "நீங்கள் மூளையைக் கசக்கவே வேண்டாம், 300 ஐடியாவும் ஒவ்வொன்றுக்கும் ரெடியான இபுக்கும் நாங்களே தருகிறோம்" என்றார். விலை 14,999. திரையில் 15 நிமிடக் கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டேன். மறுநாள் அதே பக்கத்தைத் திறந்தால், கடிகாரம் மறுபடி 15 நிமிடத்திலிருந்து ஓடுகிறது. இப்படிப் பொய்யாக அவசரப்படுத்தி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2023 நவம்பரிலேயே வழிகாட்டுதல் கொண்டுவந்திருக்கிறது. எனக்கு அன்றைக்கு அது தெரியாது.

வந்தது ஒரு லிங்க். உள்ளே எடை குறைப்பு, நாய்ப் பயிற்சி, கோல்ஃப் என்று கோப்பு கோப்பாக இருந்தது. எல்லாம் எங்கோ ஆங்கிலத்தில் எழுதியதை மெஷினில் போட்டு எடுத்த தமிழ். மறுவிற்பனை உரிமை உண்டு என்றார்கள். எழுதியது யார், உரிமை கொடுத்தது யார் என்று கேட்டேன். பதிலே இல்லை. அடுத்தவர் எழுத்தைத் தெரிந்தே விற்றால் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி சிறைத் தண்டனை வரை போகும். அந்தத் தலைவலியும் வாங்கியவர் தலையில்தான்.

என்னை உலுக்கியது அது இல்லை. சர்க்கரை நோய் பற்றிய ஒரு இபுக்கைப் பிரிண்ட் போட்டு, தெரிந்த பெரியவர் ஒருவருக்கு 50 ரூபாய்க்குக் கொடுத்திருந்தேன். நாலு நாள் கழித்துத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு. "ஏம்மா, இந்தச் சாறு குடிச்சா மாத்திரையைப் பாதியாக்கிக்கலாம்னு போட்டிருக்கே, செய்யலாமா?" நான் அந்தப் பக்கத்தைப் படித்தே பார்க்கவில்லை. "வேண்டாம் ஐயா, டாக்டர் சொல்லாமல் எதையும் குறைக்காதீர்கள்" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கேட்காமலே குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. 300 கோப்பையும் அழித்தேன்.

ரீஃபண்ட் கேட்டதும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்வாய்ஸைத் தேடி எடுத்துப் பார்த்தால் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ஆன்லைனில் விற்பவர் தன் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளில் இருக்கிறது. கட்டுவதற்கு முன் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும். அப்புறம், இரண்டு பக்கம் மாதிரி கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அந்தத் தமிழைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

ஐடியா என் கடை வாசலிலேயே கிடந்தது. தோட்டத்துக்குப் போகும் பெண்கள் வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள்: "அக்கா, இதை மலையாளத்தில் எப்படிச் சொல்லணும்?" கட்டப்பனை ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாவிடம் நர்ஸ் "பனியுண்டோ?" என்று கேட்டிருக்கிறார். அங்கே பனி என்றால் காய்ச்சல். இந்த அம்மா, "பனி இல்லீங்க, மழைதான்" என்று சொல்லிவிட்டுக் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவசரம் என்றால் அங்கே வாய்ப்பு. சம்சாரம் என்றால் பேச்சு. ஆஸ்பத்திரி, சம்பளம், பள்ளிக்கூடம் இந்த மூன்று இடத்துக்கு மட்டும் தேவைப்படும் பேச்சைத் தமிழ் எழுத்தில் போட்டுத் தரலாமா என்று யோசித்தேன். இந்த முறை எழுதுவதற்கு முன்பே பத்துப் பேரிடம், "40 ரூபாய், இப்போதே கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். ஏழு பேர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எழுதவே உட்கார்ந்தேன். 24 பக்கம் வந்தது. வண்டன்மேட்டுத் தோழி ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து, வாயால் சொல்லிப் பதிவும் செய்து தந்தாள். இப்போது பீடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் போகிறது. மூணாறிலிருந்தும் கேட்கிறார்கள். பெரிய பணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் பதில் சொல்ல முடியும்.

14,999 இன்னும் வரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வெபினார் ஸ்கிரீன்ஷாட், பணம் போன ரசீது, குரூப்பிலிருந்து நீக்கிய நாள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்துவிட்டேன். தேனி ஆணையத்தில் இந்த மாதமே தாக்கல் செய்கிறேன்.